அத்தியாயம் 6: நிதான ஓட்டத்துக்கு அதிகக் குஷன் ஷூ – சோதித்து வாங்கும் முறை

அதிகக் குஷன் வைத்த ஷூவைக் கடையில் மாட்டிக்கொண்டு நாலு அடி நடந்தால் யாருக்கும் பிடித்துவிடும். குதிகால் இதமாக அமுங்கும், உள்ளங்காலுக்குச் சுகமாக இருக்கும். அந்த இரண்டு நிமிடச் சுகத்தை நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் இந்த வகை ஷூவில் பெரும்பாலோர் செய்யும் தவறு. முன்னணி நிறுவனங்களின் உயர்ரக மாடல்கள் இந்தியாவில் 15,000 ரூபாய்க்கு மேல் போகின்றன. தவறாக வாங்கினால் பணத்தோடு போகாது, கணுக்காலும் கெண்டைக்காலும் சேர்ந்து விலை கொடுக்கும்.

நிதான ஓட்டத்துக்கான ஷூவை நீங்கள் களைத்திருக்கும்போதுதான் எடைபோட வேண்டும். ஓட்டத்தின் கடைசி 20 நிமிடத்தில் கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் சோர்ந்து, கால் சாலையில் சற்றே தட்டித் தட்டி விழும். அந்த நேரத்தில் பாதத்தை ஆடவிடாமல் தாங்குகிறதா என்பதே முதல் கேள்வி. மென்மை இன்று எல்லா நிறுவனமும் தருகிறது. மென்மையாகவும் இருந்து, ஆடாமலும் இருக்கும் ஷூ குறைவு. அதைக் கண்டுபிடிக்கும் வழியை இந்த அத்தியாயத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு: கொஞ்சமே கொஞ்சம்

நிதான ஓட்டம் என்றால் ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது நிதான ஓட்டம் இல்லை. இந்த ஷூக்கள் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. கடிகாரத்தில் ஓடும் எண்களைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

சோல் உயரம்: குதிகாலுக்கும் தரைக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பது. 2009இல் பிரான்ஸில் தொடங்கிய ஹோக்கா நிறுவனம்தான் தடித்த சோலை ஓட்டக்காரர்களிடையே பிரபலமாக்கியது. அதன் போண்டி 9 மாடலில் குதிகால் பக்கம் 43 மி.மீ., முன்பாதத்தில் 38 மி.மீ. உலகத் தடகள அமைப்பு சாலைப் பந்தயங்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 40 மி.மீ. 2021 வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பிய வீரர் டெராரா ஹூரிசா, சோல் இந்த வரம்பை மீறியதால் தகுதி இழந்தார். பரிசுக்காக ஓடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். காலையில் உடம்புக்காக ஓடுபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

டிராப்: குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வேறுபாடு. கடைக்காரர்களும் ஓட்டக்காரர்களும் இதை டிராப் என்றே சொல்கிறார்கள். போண்டியில் 5 மி.மீ., ஏசிக்ஸ் ஜெல் நிம்பஸ் வரிசையின் அண்மை மாடல்களில் 8, புரூக்ஸ் கிளிசரினிலும் சக்கோனி டிரயம்ஃபிலும் 10. டிராப் குறையக் குறையக் கெண்டைக்கால் தசைக்கும் குதிகாலின் பின்பக்கத் தசைநாணுக்கும் வேலை கூடும். பாதிப்பேர் பார்க்காமல் விடுகிற எண் இதுதான். என் கணக்கில் சோல் உயரத்தைவிட இது முக்கியம்.

வளைவு: சோலின் முன்பகுதி படகின் முனைபோல் மேலே தூக்கியிருக்கும். தடித்த நுரை வளையாது, அதனால் பாதம் உருண்டு போவதற்காக இந்த அமைப்பு. பெருவிரல் மூட்டு விறைத்துப்போனவர்களுக்கு இது நல்ல நிவாரணம்.

இந்த ஷூ மூட்டுவலியைத் தீர்க்குமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். லக்ஸம்பர்க்கில் 848 ஓட்டக்காரர்களுக்கு, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்து குஷன் மட்டும் வேறுபட்ட ஷூக்களைக் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். கடினமான ஷூ போட்டவர்களுக்குக் காயம் அதிகம் வந்தது. அந்த முடிவு 2020இல் வெளியானது. ஆனால் 2018இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு ஒன்று, மிகத் தடித்த குஷன் ஷூவில் ஓடும்போது கால் விறைப்பாக இறங்கித் தரையின் தாக்கம் கூடுவதைக் காட்டியது. வேகம் கூடியபோது அந்த வேறுபாடும் கூடியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது: குஷன் உதவும், அது மருந்து அல்ல, அதன் இடம் நிதான வேகம்தான்.

கடைக்குப் போகுமுன் வீட்டில்

1. மாலையில் பாதத்தை அளந்துகொள்ளுங்கள். பகல் முழுவதும் நின்று நடந்தபின் பாதம் வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொட, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். நீளமான விரலின் நுனியை வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குறிக்கட்டும். நீங்களே குனிந்தால் எடை முன்னால் சரிந்து அளவு மாறிவிடும். பாதத்தின் அகலமான இடத்தில் இருபுறமும் ஒரு புள்ளி வையுங்கள்.

2. இரண்டு பாதத்தையும் அளக்க வேண்டும். ஒன்று சற்றுப் பெரிதாக இருப்பது சகஜம். பெரிய பாதம் எதுவோ அதற்குத்தான் ஷூ. சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அவர்கள் இரண்டாம் விரலிலிருந்து கணக்கிட வேண்டும்.

3. இப்போது போடும் ஷூவைப் புரட்டிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலோருக்கு அப்படித்தான் தேயும். பிறகு ஷூவை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். குதிகால் கிண்ணம் நேராக நிற்காமல் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால், உங்கள் பாதம் மென்மையான நுரையை உள்பக்கம் நசுக்கும் வகை. மிக மென்மையான ஷூ உங்களுக்குச் சரிவராமல் போக வாய்ப்பு அதிகம். அந்தப் பழைய ஷூவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

4. பழைய ஷூவின் டிராப் எவ்வளவு என்று பாருங்கள். மாடல் பெயரும் அளவும் ஷூவின் நாக்குக்குள் ஒட்டியிருக்கும். அந்த மாடலின் டிராப் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும். 10இலிருந்து ஒரே தாவலாக 4 அல்லது 5க்குப் போவதாக இருந்தால், பின்னால் சொல்லும் பழக்கும் முறையைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

5. சாக்ஸை மறக்க வேண்டாம். ஓடும்போது போடும் சாக்ஸோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் தரும் மெல்லிய சாக்ஸ் அளவையே மாற்றிவிடும்.

குறிப்பு: யுகே 8 என்பது எல்லா நிறுவனத்திலும் ஒரே நீளம் இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே பொருந்தியிருக்கும் ஓட்ட ஷூவின் நாக்கில் சென்டிமீட்டரில் ஓர் எண் இருக்கும். அதையும் புதிய பெட்டியின் சென்டிமீட்டர் எண்ணையும் ஒப்பிடுங்கள். இதுவும் தொடக்கப்புள்ளிதான். இறுதித் தீர்ப்பு காலுடையது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

மாலை 5 மணிக்குமேல் போங்கள். கூட்டம் இல்லாத வார நாள் நல்லது. ஒரே மாடலைப் போட்டுப் பார்க்காமல், இதே வகையில் மூன்று மாடலாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒப்பிடாமல் மென்மையை அளக்க முடியாது.

1. இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். விரல் நுனிக்கும் இன்சோல் முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, இடம் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பாதம் இன்சோல் ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த அகலம் போதாது. நீளத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அதே அளவில் அகல வகை இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியில் 2ஈ, 4ஈ என்று போட்டிருக்கும். செருப்பிலேயே வளர்ந்த, விரல்கள் விரிந்த பாதக்காரர்கள் பலருக்கு இது தேவைப்படும்.

2. குதிகால் கிண்ணத்தைப் பின்னாலிருந்து இரு விரலால் கிள்ளுங்கள். எளிதில் மடங்கினால் குதிகாலைப் பிடித்துவைக்கும் வலு இல்லை. மெல்லிய சோல் ஷூவில் அது பரவாயில்லை. 40 மி.மீ. உயரத்தில் நிற்கும்போது அந்தப் பிடிப்பு வேண்டும்.

3. ஷூவைத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். நடுப்பகுதி எளிதாகத் திருகினால் களைத்த காலை அது தாங்காது. ஓரளவு முரண்டு பிடிக்க வேண்டும்.

4. சோலின் அடியைப் பாருங்கள். அடிப்பகுதி பாதத்தைவிட அகலமாக, வெளியே விரிந்து இருக்கிறதா? நடுப்பாதத்தில் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கிறதா? உயரமும் இருந்து நடுவில் ஒடுங்கியும் இருந்தால் ஆட்டம் நிச்சயம். இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே கையை விட்டுத் தடவினால் இன்னொன்றும் தெரியும். நுரையின் ஓரம் எழும்பி, பாதம் அதற்குள் அமிழ்ந்து உட்காரும் ஷூவும் உண்டு. தட்டையான மேடைமேல் பாதத்தை ஏற்றி வைக்கும் ஷூவும் உண்டு. முதல் வகையில் 43 மி.மீ. உயரமும் அவ்வளவு உயரமாகத் தோன்றாது. எனக்கு இந்த ஒரு விஷயமே பல மாடல்களை ஒதுக்கப் போதுமானதாக இருக்கிறது.

5. இரண்டு ஷூவையும் மாட்டி, லேஸைச் சரியாகக் கட்டுங்கள். குதிகாலை ஒருமுறை தரையில் தட்டிப் பின்னால் உட்கார வைத்தபின் இறுக்க வேண்டும். குதிகால் கழன்றால் அளவைக் குறைக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்: கடைசி இரண்டு ஓட்டைகளில் லேஸை அதே பக்கமாகவே நுழைத்துச் சின்ன வளையம் விடுங்கள். இடது லேஸ் நுனி வலது வளையத்திலும், வலது நுனி இடது வளையத்திலும் போக வேண்டும். பிறகு கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். பாதி கழலும் குதிகால்கள் இதிலேயே நின்றுவிடும்.

6. ஒற்றைக் காலில் 20 விநாடி நில்லுங்கள். இதுதான் கடைக்குள் நடக்கும் முக்கியச் சோதனை. புதிய ஷூவோடு வலது காலில் நின்று, கணுக்கால் எவ்வளவு நடுங்குகிறது என்று பாருங்கள். அதே காலில் பழைய ஷூவை மாட்டி மறுபடி நில்லுங்கள். பிறகு இடது கால். புதியதில் நடுக்கம் அப்பட்டமாகக் கூடினால், நாலு அடி நடந்தபோது இருந்த சுகத்தை மறந்துவிட்டு அந்தப் பெட்டியை மூடிவிடலாம்.

7. அரை முட்டி மடக்குங்கள். ஒற்றைக் காலில் மெதுவாகக் கால்வாசி அமர்ந்து எழுங்கள், கண்ணாடி முன்னால் நின்றால் இன்னும் நல்லது. முட்டி பெருவிரல் பக்கம் உள்ளே விழுகிறதா என்று கவனியுங்கள்.

8. மெதுவாக ஓடுங்கள். டிரெட்மில் இருந்தால் 5 நிமிடம், இல்லையென்றால் கடை நடைபாதையில் நாலைந்து முறை போய்வாருங்கள். வேகமாக ஓடிக் காட்ட வேண்டாம். மிக மெதுவாக ஓடும்போதுதான் வளைவு சரியான இடத்தில் இருக்கிறதா என்று தெரியும். பாதத்தின் பந்துப் பகுதி முழுதும் கடந்தபின் ஷூ உருண்டால் சரி. அதற்கு முன்பே முன்னால் தள்ளுவதுபோல் இருந்தால், மெதுவாக ஓடும் உங்களை அது அவசரப்படுத்தும்.

எடையையும் கேளுங்கள். இந்த வகையில் ஆண்களின் நடுத்தர அளவுக்கு ஒரு ஷூ 300 கிராம் அளவில் இருப்பது இயல்பு. 10, 20 கிராம் வித்தியாசத்துக்காக ஆட்டம் போடும் ஷூவைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. நிதான ஓட்டத்தில் அந்த எடை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வாங்குமுன் திருப்பிக் கொடுக்கும் விதியைத் தெளிவாகக் கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியில் ஓடி அடிப்பாகம் அழுக்கானால் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. அப்படியென்றால் முதல் சோதனை ஓட்டத்தை டிரெட்மில்லிலோ சுத்தமான உள்ளரங்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஓட்டங்களில் தீர்ப்பு

*முதல் ஓட்டம்: 20 முதல் 30 நிமிடம், சமதளம்.* முந்தின நாள் கடுமையாக ஓடியிருக்கக் கூடாது. இந்த ஓட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் தேட வேண்டும்: உராய்வு. கணுக்கால் எலும்பின் கீழ், குதிகாலின் பின்னே, சுண்டுவிரல் ஓரம், நாக்கு அழுத்தும் இடம். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். நுரை கொஞ்சம் இளகும், ஆனால் தையல் இடம் மாறாது.

*இரண்டாவது ஓட்டம்: 45 நிமிடம், திருப்பமும் ஏற்ற இறக்கமும் உள்ள பாதை.* சாலையில் ஓடினால், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுங்கள். தெருமுனையில் திரும்பும்போது பாதம் ஷூவுக்குள் வழுக்கி ஓரத்தில் போய் முட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். உயரமான மென்சோல் அந்தச் சரிவை இன்னும் பெரிதாக்கும். தாழ்வான பக்கத்துக் கணுக்காலில் இழுப்புத் தெரிந்தால் குறித்து வையுங்கள்.

இந்த ஓட்டத்தில் அடி எண்ணிக்கையையும் பாருங்கள். வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று கிடைக்கும். பழைய ஷூவில் இதே வேகத்தில் எண்ணியதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால், நுரைக்குள் கால் புதைந்து நேரம் போகிறது, அல்லது காலை அதிகம் முன்னால் நீட்டிப் போடுகிறீர்கள் என்று பொருள்.

*மூன்றாவது ஓட்டம்: உங்கள் வழக்கமான நீண்ட ஓட்டம்.* இதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் தொடங்கி 5 நிமிடத்திலும், முடிவதற்கு 5 நிமிடம் முன்பும், அவர் உங்கள் பின்னால் நின்று முட்டிக்குக் கீழே மட்டும் செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுக்கட்டும். போனை முட்டி உயரத்தில் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். பாதம் முழுதாகத் தரையில் படிந்த கணத்தில் வீடியோவை நிறுத்தி, கெண்டைக்காலின் நடுவிலிருந்து குதிகால் வரை மனதுக்குள் ஒரு கோடு இழுங்கள். முதல் வீடியோவில் கோடு ஏறக்குறைய நேராகவும், இரண்டாவதில் கணுக்காலில் உடைந்து உள்பக்கம் வளைந்தும் இருந்தால், நீங்கள் களைத்ததும் ஷூ உங்களைக் கைவிட்டது என்று அர்த்தம்.

உடனே ஷூவைக் கழற்றி நுரையின் பக்கவாட்டையும் பாருங்கள். அமுங்கிய இடத்தில் கிடைமட்டமாக மெல்லிய சுருக்கக் கோடுகள் விழுந்திருக்கும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் கோடுகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் நெருக்கமாகவும் ஆழமாகவும் இருந்தால் எடை அங்கேதான் சரிகிறது. வீடியோ சொன்னதை நுரையும் சொல்லும்.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகள்தான் கடைசிச் சோதனை. தொடையிலோ கெண்டைக்காலிலோ பொதுவான அசதி இருக்கலாம். குதிகாலின் அடியில் குத்தும் வலி, பின்பக்கத் தசைநாணில் விறைப்பு, முட்டியின் உள்பக்கம் புதிதாக வலி, இவற்றில் எது வந்தாலும் அந்த ஷூவுக்கு இன்னொரு நீண்ட ஓட்டம் கொடுக்காதீர்கள்.

மூன்று ஓட்டத்துக்கும் ஒரு சின்ன நோட்டில் நான்கு வரி எழுதினால் போதும்: 15ஆம் நிமிடம் எப்படி இருந்தது, முடிவில் எப்படி இருந்தது, எங்கே உராய்ந்தது, மறுநாள் காலை எப்படி. எழுதாவிட்டால் கொடுத்த விலை ஞாபகம் வந்து, ஷூ நன்றாகத்தான் இருக்கிறது என்று மனம் சொல்ல ஆரம்பித்துவிடும்.

பழக்கும் முறை

பழைய டிராப்புக்கும் புதியதுக்கும் 4 மி.மீ.க்குமேல் வேறுபாடு இருந்தால் மூன்று ஓட்டங்களையும் அடுத்தடுத்த நாளில் வைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு குறுகிய ஓட்டம் மட்டும் புதியதில், மீதி பழையதில் ஓடுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து நேரத்தைக் கூட்டலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சியை இந்த வாரங்களில் தினமும் செய்தால் கெண்டைக்கால் தயாராகும்.

பழகியபின்னும் ஒரே ஷூவில் எல்லா ஓட்டத்தையும் ஓட வேண்டாம். நிதான ஓட்டத்துக்கு இது, வேக ஓட்டத்துக்குச் சற்றுத் தாழ்வான, கெட்டியான இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போடுவது கால்களுக்கு நல்லது. இந்த ஷூவில் வேக ஓட்டம் ஓடினால் நுரையை அமுக்குவதிலேயே பாதிச் சக்தி போகும்.

மழையும் வெயிலும்

எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பல மாடல்களில் அடியில் ரப்பரைக் குறைத்து நுரையையே தரையில் படவிடுகிறார்கள். காய்ந்த சாலையில் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த டைல்ஸ் நடைபாதை, சாக்கடை மூடியின் இரும்புத்தகடு, சாலையில் அடித்த வெள்ளைப் பெயின்ட் கோடு, இந்த மூன்றிலும் வழுக்கும். வாங்கும்போதே குதிகாலின் வெளி ஓரத்திலும் பெருவிரலுக்கு அடியிலும் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு இடத்தில் இருந்தால் போதும். வீட்டில் ஈரமான மொட்டைமாடித் தரையில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாகத் தள்ளிப் பார்த்தால் பிடிப்புத் தெரிந்துவிடும்.

வெயிலில் நுரை இளகும், குளிரில் இறுகும். ஊட்டியில் கெட்டியாகத் தோன்றிய ஷூ வேலூரின் மே மாதத்தில் தொளதொளவென்று இருக்கும். நிறுத்திவைத்த காருக்குள் ஷூவை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் பசை விடும். நனைந்தால் வாஷிங்மெஷினில் போடுவதும் வெயிலில் காயவைப்பதும் கூடாது. இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். தடித்த நுரையும் தடித்த மேல்துணியும் காய நேரமெடுக்கும். மழைக்காலத்தில் மாற்று ஷூ தேவைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

கட்டைவிரலால் நுரையை அமுக்கிப் பார்த்து முடிவு செய்வது. உங்கள் கட்டைவிரலின் அழுத்தம் எங்கே, ஓடும்போது பாதத்தின் வழியே இறங்கும் உடல் எடையின் இரண்டு மடங்குக்கும் மேலான விசை எங்கே!

புதிய மாடல் எண்ணைத் துரத்துவது. புதிய பதிப்பு வந்ததும் பழைய பதிப்பின் விலை இறங்கும். பழையது உங்கள் காலுக்குப் பொருந்தினால் அதையே வாங்குங்கள். ஆனால் பழைய பதிப்பு பொருந்தியது என்பதற்காகப் புதியதைப் போடாமலே வாங்க வேண்டாம். நுரையும் டிராப்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன.

இன்சோலுக்குமேல் இன்னொரு மெத்தை இன்சோல் வைப்பது. குதிகால் கிண்ணத்துக்கு மேலே எழும்பி நிற்கும், இருந்த கொஞ்சப் பிடிப்பும் போய்விடும்.

வலி குறைந்ததும் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டுவது. குஷன் வலியைத்தான் மறைக்கிறது, தசைநாண் அதே வேகத்தில்தான் பழகும்.

எச்சரிக்கை

நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இந்த அத்தியாயத்தின் சோதனைகளை மட்டும் நம்பி ஷூ வாங்கக் கூடாது. உராய்வையும் கொப்புளத்தையும் உணர முடியாத காலுக்கு மென்மையான ஷூ பொய்யான நம்பிக்கையைத் தரும். மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் வகையை வாங்குங்கள். ஒவ்வொரு முறை ஷூவைக் கழற்றியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

கணுக்கால் அடிக்கடி பிசகுபவர்கள் சோல் உயரம் குறைந்த வகையிலிருந்து தொடங்குவது நல்லது. கல்லும் வேரும் உள்ள மண்பாதையில் யாருமே இந்தச் சாலை ஷூவைப் போட்டு ஓட வேண்டாம்.

எப்போது ஓய்வு கொடுப்பது?

பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர். எடை கூடியவர்களுக்கும் வெயிலில் ஓடுபவர்களுக்கும் முன்னதாகவே வரும். வாங்கிய தேதியை நாக்கின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி, தூரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மேல்துணி புதிதுபோல் இருக்கும், அதை வைத்து ஏமாற வேண்டாம். முன்பு சொன்ன சுருக்கக் கோடுகள் இரவு முழுக்க வைத்தும் விரியாமல் அப்படியே இருந்தால், ஒற்றைக் கால் சோதனையில் நடுக்கம் கூடியிருந்தால், மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஷூ சாய்ந்து நின்றால், அதன் காலம் முடிந்தது.

நம் வீடுகளில் அப்போது ஒன்று நடக்கும். ஓட முடியாத ஷூ நடைக்கு உதவும் என்று அப்பாவுக்கோ மாமாவுக்கோ கொடுத்துவிடுவோம். பார்க்க நன்றாக இருக்கும், அவர்களும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். நுரை செத்து ஒரு பக்கம் சாய்ந்த 40 மி.மீ. சோல், அறுபது வயதுக்காரரைப் படியிலோ நடைபாதை விளிம்பிலோ தடுமாற வைக்கக்கூடியது. தயவுசெய்து அதைக் கொடுக்காதீர்கள். ஒரு மாலை அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், இன்சோல்மேல் நிற்க வைத்து, அவர் காலுக்கென்றே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.